முன்சீட்டு

"எல்லாரும் இடது பக்கம் வாங்க!" என்று வேன்காரி கத்தியதும், புத்தகப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பின்னால் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இடது ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள். "இப்ப வலது! ஆட்டுங்க, நல்லா ஆட்டுங்க!" பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும், ஒரே கூத்தும் கும்மாளமும்தான். பட்டப்பகலில் ஒரு பள்ளிக்கூட வேன் சாலையோரத்தில் நின்றபடி குலுங்குவதைப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். டேங்கின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் கடைசிப் பெட்ரோலைக் குழாயின் வாய்க்குக் கொண்டுவர அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நூறடி போயிருக்கும், சாலையோரம் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்களைப் போட்டு வைத்திருந்த இடத்தில் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கிப்போனது. இந்தத் தடவை அவள் ஆட்டச் சொல்லவில்லை. இனிமேல் ஆட்டினாலும் வராது என்று அவளுக்குத் தெரியும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் செத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய வண்டி மெக்கானிக் கேட்ட தொகைக்கு ஒரு வாரம் பெட்ரோலே போட்டுவிடலாம் என்பதால் வேன்காரி வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஓர் அட்டையைச் செருகி, பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டரில் ஓடும் எண்ணைப் பென்சிலால் எழுதிவைப்பாள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மனக்கணக்கு. எந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் வண்டி எவ்வளவு நேரம் உறுமிக்கொண்டு நிற்கும் என்பதுவரை அந்தக் கணக்கில் அடக்கம். மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருளவிடுவாள். அதற்குப் பிள்ளைகளிடம் 'படகு' என்று ஒரு பெயர் சொல்லிவைத்திருந்தாள். படகு ஓடும்போது யாரும் பேசக்கூடாது, மூச்சுகூட மெதுவாகத்தான் விடவேண்டும். பிள்ளைகள் அந்த ஒரு நிமிடத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பார்கள். தரித்திரத்தை இவ்வளவு அழகாக ஜோடித்து விற்கத் தெரிந்தவள் வேறு ஏதாவது தொழில் செய்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பாள். வண்டியைக் கடனில் வாங்கிய புருஷன், வண்டியையும் கடனையும் இவள் தலையில் கட்டிவிட்டு இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பமாகிப்போனான். வேனை ஓட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு தொழில் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

இன்றைய கணக்கு தப்பியிருக்கவே கூடாது. தேதி ஒன்று. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, அவளுடைய இரட்டைப் பையன்களை வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது மாதக் கட்டணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிடுவாள். ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதிதான், ஒருநாள் பிந்தியதில்லை. அந்த வாசல்வரை வண்டி போய்ச் சேர்ந்தால் போதும், அங்கிருந்து பங்க் கூப்பிடு தூரம். பள்ளிக்கூடத்து வாசலில் அட்டையைப் பார்த்து, போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு கிலோமீட்டருக்கு மிச்சமிருக்கும் என்று கூட்டிக் கழித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனால் குழாய் பதிக்கிறோம் என்று காலையில் இருந்த சாலையை மத்தியானத்துக்குள் வெட்டிப் போட்டுவிட்டு, சுற்றிப் போகச் சொல்லிப் பலகை வைத்துவிட்டார்கள். சுற்றிப் போனதில் மூன்று கிலோமீட்டர் கூடிப்போனது. உறையும் பங்கும் இருக்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றுவிட்டது. பர்ஸில் சில்லறைக்காசு மட்டும் கிடந்தது. போனில் இருந்த பணத்தைக் காலையில்தான் தவணைக்காரன் வழித்துக்கொண்டு போயிருந்தான்.

"வேனக்கா, வண்டிக்கு வயிறு வலிக்குதா?" என்றது முன்சீட்டு.

முன்சீட்டில் இருந்தது கொசு. ஏழு வயது. ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் எடை. ஏறியதிலிருந்து இறங்கும்வரை காதோரம் ஙொய்யென்று பேசிக்கொண்டே வருவாள் என்று வேன்காரிதான் அந்தப் பெயரை வைத்தாள். மீன் தூங்குமா, தூங்கினால் முங்கிப்போகாதா, பல் விழுகிற மாதிரி மூக்கு ஏன் விழுவதில்லை என்று நாளைக்கு நாற்பது கேள்வி. முன்சீட்டுக்குப் பிள்ளைகளிடையே அடிதடியே நடக்கும். ஆனாலும் அது கொசுவுக்குத்தான் என்று வேன்காரி தீர்ப்புச் சொல்லி ஒரு வருடமாகிறது. காரணம் கேட்டால், அவள் சின்னவள், பின்னால் நசுங்கிவிடுவாள் என்பாள். உண்மை என்னவென்றால், நாள் முழுக்க அவளிடம் ஆசையாகப் பேசுகிற ஜீவன் அது ஒன்றுதான்.

கொசுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன்னால் லிஃப்ட் குழியில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. மூன்று மாதமாக வேன் கட்டணம் கொடுக்கவில்லை. வேன்காரி ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள்: பிள்ளைகள் காதுபடக் காசைப்பற்றிப் பேசமாட்டாள். அவளுடைய சின்ன வயதில், கட்டணம் கட்டாதவர்கள் என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திய ஒரு டீச்சரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் மெக்கானிக்கிடம் கேட்பதெல்லாம் கொசு வீட்டுக்குள் ஓடிய பிறகு, கதவோரம், தணிந்த குரலில். "அடுத்த வாரம் குடுத்துடறேன் தங்கச்சி" என்பான் அவன். அந்தத் தங்கச்சியைக் கேட்டு ஒவ்வொரு முறையும் பேசாமல் திரும்பிவிடுவாள்.

வேன்காரி கீழே இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, குழாய்களுக்கு அந்தப் பக்கம் போய் நின்று போனை எடுத்தாள். உண்மையில் வங்கி அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். உறை அங்கேதான் இருக்கிறது, காரும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் போன மாதம் இரண்டு தடவை தாமதமானதற்கே அவள், "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா ஏசி வேனுக்கு மாத்திடுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவள் மாறினால், மகளை இதே வேனில் அனுப்பும் கண்ணாடிக்கடைக்காரர் மாறுவார், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து வரும் மற்ற நாலு பிள்ளைகளும் மாறும். எட்டுப் பிள்ளைகளில் ஏழு போய்விட்டால் தவணைக்காரன் வண்டியை வந்து ஓட்டிக்கொண்டு போவான். ஆகவே, தான் உரிமையோடு கத்தக்கூடிய ஒரே ஆளைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மூணு மாசம் ஆச்சு. நான் ஒண்ணுமே கேக்கல. இப்ப நடுரோட்டுல பசங்களோட நிக்கறேன். வண்டில சொட்டுப் பெட்ரோல் இல்ல. உங்க பொண்ணும்தான் வெயில்ல உக்காந்திருக்கா."

"எங்க நிக்கறே தங்கச்சி?" என்றான்.

சொன்னாள்.

"இரு. பெட்ரோலோட வர்றேன். அரைமணி நேரம். வேற யாரையும் கூப்பிடாதே, நான் வந்துடறேன்."

நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, அந்த அரைமணி நேரமும் வேறு ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாள். வேனுக்குள் அடுப்பு மாதிரி காந்தியது. ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். பாட்டில்களில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் மகள்தான் இருப்பதில் பெரியவள். அவள் நோட்டைப் பிய்த்து எல்லாருக்கும் விசிறி மடித்துக் கொடுத்தாள். எல்.கே.ஜி. பையன் வேர்த்து விறுவிறுத்துத் தூங்கிப்போனான். கொசு மட்டும் ஓயவில்லை. சிமெண்டுக் குழாய்க்குள் குடியிருக்கலாமா, குடியிருந்தால் கதவு எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அரைமணி முடிந்து பத்து நிமிடம் ஆனபோது வேன்காரி மறுபடி கொசுவின் அப்பாவைக் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக.

அந்தக் குரலைக் கேட்ட கணத்தில்தான் அவளுக்குள் ஏதோ ஒன்று கெட்டுப்போனது. ஏமாற்றிவிட்டான். தங்கச்சி தங்கச்சி என்று சொல்லியே மூன்று மாதம் ஏமாற்றினான், இன்றைக்கும் ஏமாற்றிவிட்டான். நான்தான் இளிச்சவாய். இப்படி நினைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது, போன் கையில் அதிர்ந்தது. வங்கி அம்மா.

"எங்க இருக்கீங்க? மணி நாலரை ஆகப்போகுது."

"டிராஃபிக் மேடம். ரோடு வெட்டிப் போட்டிருக்காங்க. இதோ வந்துட்டே இருக்கேன்."

"போனைப் பையன்கிட்ட குடுங்க."

கொடுக்காமல் இருக்க முடியுமா? இரட்டையரில் மூத்தவன் போனை வாங்கி, உலகத்திலேயே நல்ல செய்தியைச் சொல்கிறவன்போலச் சொன்னான். "அம்மா, வண்டில பெட்ரோலே இல்ல! நாங்கெல்லாம் வண்டியை ஆட்டினோம்! அப்படியும் ஸ்டார்ட் ஆகல! முன்னாடி மேம்பாலத்துல படகு ஓட்டினோம்!" படகு என்றால் என்ன என்று அந்தப் பக்கம் கேள்வி வந்திருக்க வேண்டும். அவன் விவரமாகச் சொன்னான். வேன்காரி கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பத்தே நிமிடத்தில் இரண்டு கார்கள் வந்தன. ஒன்றில் வங்கி அம்மா, மற்றதில் கண்ணாடிக்கடைக்காரர். வங்கி அம்மா அலுவலக அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல் வந்திருந்தாள். முதலில் தன் பையன்களின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேன்காரியிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் போடத் தேவையும் இருந்ததில்லை.

"பாலத்துல எஞ்சினை அணைச்சிட்டு இறக்குவீங்களா?"

"மேடம், அது..."

"பிரேக் ஒழுங்கா பிடிக்குமா அப்போ? எட்டுப் பசங்க உயிரை வெச்சா பெட்ரோல் மிச்சம் பிடிக்கறே நீ?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர், "ஏம்மா, நாங்கெல்லாம் காசு குடுக்காமலா இருக்கோம்? அந்தக் காசெல்லாம் எங்க போகுது?" என்றார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்துகொண்டே கேட்டார். போய்க்கொண்டிருந்த ஒரு டூவீலர்காரன் வேடிக்கை பார்க்க நின்றான். பிள்ளைகள் ஜன்னல்களில் முகத்தை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்சீட்டு ஜன்னலில் கொசுவும்.

ஏதாவது சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்த இரண்டு கார்களும் ஏழு பிள்ளைகளோடு போய்விடும், நாளைக் காலை ஏசி வேன் வந்து அந்த அடுக்குமாடி வாசலில் நிற்கும். அப்புறம் அவள் வாய் தானாகவே பேசியது.

"நீங்க குடுக்கறீங்க மேடம், நான் இல்லேங்கல. குடுக்காதவங்க இருக்காங்களே. அவங்களையும் சேத்து ஏத்திட்டுப் போய்ப் போய்த்தான் நான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்."

"யாரு குடுக்கல?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். யாரோ என்று சொல்லியிருக்கலாம். அவள் கையை நீட்டி முன்சீட்டைக் காட்டினாள்.

"இதோ உக்காந்திருக்கே, இதோட அப்பன்தான். மூணு மாசம். வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு இன்னிக்கும் போனை அணைச்சு வெச்சிட்டான். இதை ஏத்தாம இருந்திருந்தா இந்நேரம் டேங்க்ல பெட்ரோல் இருந்திருக்கும். உங்க பசங்க வீட்ல இருந்திருப்பாங்க."

எல்லாரும் கொசுவைப் பார்த்தார்கள். கொசு முதலில் சிரித்தாள். வேனக்கா தன்னைக் காட்டி ஏதாவது சொன்னால் அது வேடிக்கையாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு வருடப் பழக்கம். மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூணு மாசமா ஃப்ரீயாவா?" என்றாள் வங்கி அம்மா. "அதுவும் முன்சீட்டுல?"

இரட்டையரில் இளையவன் அண்ணனின் காதில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மூத்தவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்: "கொசுன்னா ஓசிலதானே ரத்தம் குடிக்கும்!" பின்னாலிருந்த மொத்த வண்டியும் கொல்லென்று சிரித்தது. கண்ணாடிக்கடைக்காரரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவுமில்லை. வங்கி அம்மா மகனை, "ச்சீ, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று கண்டித்தாள். கண்டித்த குரலில் செல்லம் வழிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக முடிந்தது. அதுதான் ஆச்சரியம். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டால் பெரிய மனிதர்களுக்குக் கோபம் சட்டென்று வடிந்துவிடும்போலிருக்கிறது. வங்கி அம்மா கைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். மறுபடியும் 'நீங்க' என்றாள்.

"பாவம் பாத்தா பொழப்பு நடக்குமா, சொல்லுங்க? நாளையிலேர்ந்து இந்தக் குழந்தை வேண்டாம். அந்த சீட்டுல என் தங்கச்சி பையன் வரட்டும். அவ முன்பணமே குடுத்துடுவா. ஆனா பாலத்துல எஞ்சினை அணைக்கற வேலையெல்லாம் இனிமே கூடாது. சரியா?"

"சரி மேடம்" என்றாள் வேன்காரி. யோசிக்கவில்லை. யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது. உறையைக் கையில் வாங்கியபோது அவள் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. அதற்குப் பெயர் சந்தோஷம்தான், வேறு எதுவுமில்லை. வண்டி தப்பித்தது. ஏழு பிள்ளைகளும் தப்பித்தார்கள். எட்டாவதாக ஒரு பிள்ளை, காசோடு, வரப்போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் யாராவது இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

ஏழு பிள்ளைகளும் இரண்டு கார்களில் ஏறிக்கொண்டார்கள். எல்.கே.ஜி. பையனைக் கண்ணாடிக்கடைக்காரர் தூக்கத்தோடு தோளில் போட்டுக்கொண்டார். இன்னும் ஒருத்தி உட்கார அவருடைய காரில் இடமிருந்தது. "அந்தப் பொண்ணு வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்கத்தான் செய்தார். "கடைசி ஸ்டாப் மேடம், வந்து, சார்... அந்தச் சந்துக்குள்ள கார் போகாது" என்றாள் வேன்காரி. "அப்ப நீங்களே விட்டுடுங்க. கடைப் பையன்கிட்ட கேன்ல பெட்ரோல் குடுத்தனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்கள் திரும்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. டூவீலர்காரனும் போய்விட்டான்.

வேன்காரி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். கொசு பேசினால் பதில் சொல்லலாம், மீன் தூங்குமா என்று கேட்டால்கூடப் போதும் என்று இருந்தது. கொசு பேசவில்லை. சற்று நேரம் கழித்து, பையை எடுத்து மாட்டிக்கொண்டு, சீட்டுகளுக்கு நடுவே நுழைந்து பின்னால் போய், கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். யாரும் அவளை அங்கே போகச் சொல்லவில்லை.

"முன்னாடியே உக்காரேன்டி. இப்பதான் யாருமே இல்லையே" என்றாள் வேன்காரி, கண்ணாடியில் பார்த்தபடி.

"வேணாம்க்கா. காத்து வருது இங்க."

எங்கே காற்று வந்தது? ஓர் இலைகூட அசையவில்லை. வேன்காரிக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. அந்த டீச்சரின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். முப்பது வருடமாக அச்சு அசலாக ஞாபகமிருந்த முகம், இப்போது வரமாட்டேன் என்றது. தான் செய்தது ஒன்றும் ஊர் உலகத்தில் இல்லாததில்லை, காசு கொடுக்காதவனைக் கொடுக்கவில்லை என்றுதானே சொன்னேன், பொய்யா சொன்னேன், என்று மனசுக்குள் ஒரு வழக்கு நடத்திப் பார்த்தாள். வழக்கில் அவள்தான் ஜெயித்தாள். ஜெயித்தும் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒண்ணுக்குப் போகிறாளோ என்று நினைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் கொசு கீழே குதித்துக் கதவைச் சாத்திவிட்டாள். ஸ்டிக்கர் ஒட்டிய பின்கண்ணாடிக்குக் கீழே அவள் தலை தெரியவில்லை. ரிப்பனின் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு தகரத்தில் இரண்டு சின்னக் கைகள் அப்பென்று பதிகிற சத்தம். ம்ம்ம் என்று ஒரு முக்கல்.

"கொசு, என்னடி பண்றே?"

"தள்றேன்க்கா. நீங்க ஸ்டியரிங் பிடிச்சுக்கோங்க."

"அதெல்லாம் உன்னால முடியாது. ஏறி உக்காரு."

"முடியும்க்கா. எங்கப்பா குடுக்கலேல்ல. அதான் நான் தள்றேன்."

வேன்காரி ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தாள். அது இழுத்தபடியே இருந்தது. அதை எடுத்துவிட்டாலும் ஏழு வயசுக் கை தள்ளி இந்த வண்டி ஓர் அங்குலம் நகரப்போவதில்லை. இறங்கிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்காரவைக்கலாம். இரண்டு எட்டு நடந்தால் போதும். ஆனால் பின்னால் போனால் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். தகரம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கைகள் சூடு பொறுக்காமல் விலகி, மறுபடி மறுபடி வந்து பதிவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நகருதாக்கா?"

"நகருதுடி" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளட்டுமா?"

"ம்."

அப்போதுதான் முன்கண்ணாடி வழியாக, கானல் நெளிகிற சாலையின் அந்தக் கோடியில், ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. கண்ணாடிக்கடைப் பையன் சீக்கிரம் வந்துவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் அவன் ஏன் நடந்து வரவேண்டும்? ஆள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தான். இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து ஒடித்து, நாலு எட்டு வைத்துவிட்டு நின்று, மறுபடி நாலு எட்டு வைத்து வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் ஊன்றுகோல். மற்றக் கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், கழுத்துவரை மஞ்சளாக. வேனை அடையாளம் கண்டுகொண்டதும் நின்று, அந்தப் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். வெயில் பட்டு அது பளபளவென்று மின்னியது.

"நகருதாக்கா?" என்று பின்னாலிருந்து மூச்சு வாங்கக் கேட்டாள் கொசு.